முதுகில் மாட்டிய பை: பென் ஸ்டேட் மாணவர் வீட்டில் ஓர் இரவு

அந்தப் பையிலிருந்துதான் எப்போதும் தொடங்குவேன். புத்தகங்கள் திணித்த ஒரு சாதாரண முதுகுப்பை. நினைவு தப்பிக் கிடந்த 19 வயதுப் பையனின் முதுகில் அதை மாட்டி, சோபாவில் கிடத்தினார்கள். மல்லாந்து புரண்டால் வாந்தி மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும், முதுகில் பை இருந்தால் புரள முடியாது என்பது கணக்கு. மாட்டிவிட்டுப் பக்கத்திலேயே கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் ஆம்புலன்ஸை அழைக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மாணவர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆண்டுதோறும் ஜனவரியில் புதிதாகப் பொறுப்பேற்ற பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். கூட்டம் நடத்துவது எப்படி, வரவு செலவு எழுதுவது எப்படி, மேடையில் பேசுவது எப்படி என்று எதிர்பார்த்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். அதெல்லாம் மத்தியானத்துக்கு மேல். காலையில் இந்தப் பையைப் பற்றிப் பேசுவோம். ஏனென்றால் அதை மாட்டியவர்களுக்கு ஆபத்து தெரிந்திருந்தது.

வீடும் பதவிகளும்

பென்சில்வேனியா மாநிலத்தில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரே ஸ்டேட் காலேஜ். அங்கே பீட்டா தீட்டா பை என்ற ஃப்ரெடர்னிட்டியின் கிளை 1888 முதல் இயங்கிவந்தது. தாய் அமைப்பு அதைவிடப் பழையது, 1839-ல் ஓஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

ஃப்ரெடர்னிட்டி என்றால் என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்ட ஆண் மாணவர் சங்கம். சங்கத்துக்கென்று ஒரு வீடு இருக்கும், உறுப்பினர்களில் பலர் அங்கேயே தங்குவார்கள். வீடு பெரும்பாலும் முன்னாள் மாணவர்களின் பொறுப்பில் இருக்கும். நாடு தழுவிய தலைமை அலுவலகம் விதிகளை வகுக்கும், பல்கலைக்கழகம் அங்கீகாரம் கொடுக்கும். ஆனால் வீட்டுக்குள் அன்றாடம் ஆட்சி செய்வது 20, 21 வயதுப் பிள்ளைகள்தான். தலைவர், பொருளாளர், விருந்துப் பொறுப்பாளர், ஆபத்துத் தடுப்புப் பொறுப்பாளர் எனத் தேர்தல் வைத்துப் பதவிகள். புதிதாகச் சேர வருபவன் பிளெட்ஜ். அவனுக்குக் கொடுக்கும் அழைப்பு பிட். சில வாரங்கள் அவனைப் பழக்கி உறுப்பினனாக்கும் பதவிக்குப் பிளெட்ஜ் மாஸ்டர் என்று பெயர். அந்தப் பழக்கலின் பெயரில் நடக்கும் கொடுமைதான் ஹேசிங்.

நம்மூர் ராகிங்குக்கு அது நெருங்கிய சொந்தம். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொலையுண்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது என்பது இதைப் படிக்கும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ராகிங் செய்யும் சீனியருக்குப் பதவி கிடையாது. ஹேசிங்கை நடத்துகிறவர் வாக்கு வாங்கி வந்தவர், நாட்காட்டியில் தேதி குறித்து, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்து நடத்துகிறவர். அதனால்தான் இதைத் தலைமையைப் பற்றிய வழக்காகப் பார்க்கிறேன்.

பென் ஸ்டேட் கிளைக்கு நல்ல பெயர் இருந்தது. 2009-ல் ஒழுங்குப் பிரச்சினைக்காகக் கலைக்கப்பட்டு, அடுத்த ஆண்டே புதிய பிள்ளைகளோடு மீண்டும் தொடங்கிய கிளை அது. முன்மாதிரிச் சங்கம் என்று அதைச் சுட்டிக்காட்டினார்கள். முன்னாள் மாணவர் ஒருவரின் பெரும் செலவில் வீடு புதுப்பிக்கப்பட்டிருந்தது, உள்ளே கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. வீட்டில் மது கூடாது என்று விதி இருந்தது. பெரியவர் ஒருவர் ஆலோசகராக அதே வீட்டில் குடியிருந்தார். ஒரு நிர்வாகி கேட்கக்கூடிய பாதுகாப்பு ஏற்பாடுகள் ஏறக்குறைய எல்லாமே காகிதத்தில் இருந்தன.

அந்த இரவு

2017 பிப்ரவரி 2, வியாழக்கிழமை. பிட் ஏற்கும் இரவு. 14 புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் திமோதி பியாசா. நியூஜெர்சிக்காரர், பொறியியல் இரண்டாம் ஆண்டு.

அவர்களுக்காக ஓர் ஓட்டம் ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்குள்ளேயே பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வகைச் சரக்கு. ஓரிடத்தில் வோட்கா, ஓரிடத்தில் பீர், ஓரிடத்தில் ஒயின். வரிசையாக நின்று குடித்துவிட்டு அடுத்த நிலையத்துக்கு ஓட வேண்டும். அமெரிக்காவில் மது அருந்த 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் அடித்தளத்தில் இருந்த கேமராப் பதிவு அழிக்கப்பட்டிருந்தது. பின்னால் எஃப்.பி.ஐ. அதை மீட்டபோது, பியாசாவுக்கு 82 நிமிடங்களில் குறைந்தது 18 முறை மது கொடுக்கப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. அவராகப் போய் எடுத்துக்கொண்டது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் யாரோ கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இரவு ஏறக்குறைய 10.45 மணிக்கு அடித்தளப் படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தார். நான்கு பேர் தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். வயிற்றின் இடப்பக்கம் கன்றிப்போயிருந்தது. முகத்தில் எதையோ ஊற்றினார்கள், கன்னத்தில் அறைந்தார்கள். பை மாட்டியது இந்த நேரத்தில்தான்.

நள்ளிரவு தாண்டி வீடு அடங்கியது. பியாசா எழ முயன்றார், விழுந்தார். மறுபடி எழுந்தார், தலை தரையில் மோத மறுபடி விழுந்தார். விடியும் வரை இது நடந்தது, கேமரா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்த பிறகு எப்படியோ மீண்டும் அடித்தளத்துக்குப் போயிருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் அங்கே அவரைக் கண்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது, மூச்சு திணறிக்கொண்டிருந்தது. தூக்கிவந்து துடைத்தார்கள், சட்டை மாட்டப் பார்த்தார்கள், கைபேசியில் அறிகுறிகளைத் தேடினார்கள். அவசர உதவிக்கு அழைப்பு போனது 10.48 மணிக்கு. விழுந்து 12 மணி நேரம் ஆகியிருந்தது. கண்டெடுத்த பிறகும் ஏறத்தாழ 40 நிமிடம் போய்விட்டது.

மண்டையோட்டில் விரிசல், மூளையில் காயம், மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தப்போக்கு. பிப்ரவரி 4-ஆம் தேதி அதிகாலை ஹெர்ஷி மருத்துவமனையில் இறந்தார்.

திறமைக்குக் குறைவில்லை

இதைக் கேட்டதும் புதிய நிர்வாகிகள் சொல்லும் முதல் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே தலைமையே இல்லை." இந்த இடத்தில் அவர்களை நிறுத்திவிடுவேன்.

14 பேரை ஒரே நேரத்தில் வரவழைத்து, வரிசையில் நிறுத்தி, நிலையம் நிலையமாக ஆள் போட்டு, சரக்கு வாங்கி வைத்து, ஓட்டத்தை நடத்தி முடிப்பது சும்மா நடக்கிற காரியமா? கல்யாண வீட்டில் பந்தி நடத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அதன் பாடு. திட்டமிடல், வேலைப் பங்கீடு, நேரம் தவறாமை என்று எந்தத் தலைமைப் பாடப் புத்தகமும் கேட்கும் பண்புகள் அந்த வீட்டில் இருந்தன. பையன் மருத்துவமனைக்குப் போன பிறகும் அவை வேலை செய்தன. வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லியும், குழுவில் இருந்த செய்திகளை அழிப்பது பற்றியும் கைபேசிகளில் பேச்சு ஓடியது. வழக்குத் தொடரலாமா என்று ஆராயும் பொதுமக்கள் குழுவான குற்ற விசாரணை ஜூரியின் அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. உத்தரவு போடவும் அதை நிறைவேற்றவும் அவர்களால் முடிந்தது.

ஓட்டத்தைத் தொடங்க ஒரு பதவி இருந்தது. நிறுத்த ஒரு பதவி இல்லை. என் கணிப்பில் இந்த வழக்கின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வோட்கா நிலையத்தில் நிற்கப்போவது யார் என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது. குடிக்காமல் தெளிவாக நின்று, "இவனுக்குப் போதும், உட்கார வை" என்று சொல்லப்போவது யார் என்று முடிவாகவில்லை. ஆபத்துத் தடுப்புப் பொறுப்பாளர் என்ற பதவி அநேகமாக எல்லாச் சங்கங்களிலும் உண்டு. பல வீடுகளில் அவர் செய்வது காப்பீட்டுப் படிவம் நிரப்புவதும் விருந்துக்கு அனுமதி வாங்குவதும்தான். தலைவரையே கையமர்த்தி நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று கேட்டால் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

தள்ளப்பட்ட குரல்

அன்று இரவு ஒருவர் சொன்னார். அந்த வீட்டில் வயதில் இளையவர்களில் ஒருவர், முதலாண்டு மாணவர். சோபாவில் கிடந்த பையனைப் பார்த்ததும் பதறிப்போய், தலையில் அடிபட்டிருக்கும், உடனே உதவிக்கு அழைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அவரைச் சுவரோடு தள்ளினார்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். உடலியக்கவியலும் உயிரியலும் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், உன் சொல்லைவிட அவர்கள் சொல்லுக்கு எடை அதிகம் என்றும் பதில் வந்ததாக ஜூரி அறிக்கை சொல்கிறது.

என்னை இந்தக் காட்சி விடாமல் துரத்துகிறது. அந்தப் பிள்ளை சரியாகப் பார்த்தார், சரியாகச் சொன்னார், சரியான நேரத்தில் சொன்னார். அப்போது இரவு பதினோரு மணிதான் தாண்டியிருந்தது. கிழிந்த மண்ணீரலை நேரத்தோடு பார்த்தால் அறுவை சிகிச்சையில் கையாள முடியும். அவர் கையிலும் ஒரு கைபேசி இருந்திருக்கும். ஆனால் புதியவன் மூத்தவர்களின் அனுமதி இல்லாமல் எதுவும் செய்யக் கூடாது என்பதுதானே அந்த வீடு அவருக்கு வாரக்கணக்கில் கற்றுக்கொடுத்த பாடம்? பணிவைப் பழக்கியது மூத்தவர்கள். அந்தப் பணிவே கடைசியில் ஓர் உயிரைக் காப்பாற்ற வந்த கையைக் கட்டிப்போட்டது.

சமூக உளவியலில் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1968-ல் லட்டானேயும் டார்லியும் செய்தது. படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் மாணவர்களின் அறைக்குள் சுவர்த் துவாரம் வழியாகப் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்த் தெரிவித்தார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைத்த இருவரோடு உட்காரவைத்தபோது 10 சதவீதம் பேர்தான் தெரிவித்தார்கள். மற்றவர்கள் புகையைக் கையால் விலக்கிக்கொண்டே எழுதினார்கள். "அவர்களே சும்மா இருக்கும்போது நமக்கென்ன" என்று மனம் தானாகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறது.

மேலே உட்கார்ந்திருப்பவர் பதவியில் உள்ளவர் என்றால் இந்தச் சமாதானம் இன்னும் கெட்டிப்படும். தலைவர் நடமாடிக்கொண்டிருக்கும் வீட்டில், "அவருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஐம்பது பேர் நினைக்கலாம். தலைவரோ, "உண்மையிலேயே மோசம் என்றால் யாராவது வந்து சொல்வார்களே" என்று நினைக்கலாம். இரண்டு பக்கமும் காத்திருக்கும். கூட்டுக் குடும்பத்தில் பால் பொங்கி வழிவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்படியில் நாலு பேர் இருக்கும் நாளில்தான் அது வழியும்.

ஆகவே பையை வெறும் அலட்சியம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. அதை மாட்டியவருக்கு அந்தப் பையன்மேல் ஏதோ ஓர் அக்கறை இருந்திருக்க வேண்டும். அந்த அக்கறையை வீட்டுக்கு வெளியே எடுத்துப்போக வழி இல்லாததால் அது ஒரு பையாகச் சுருங்கிப்போனது. இதுபோல முதுகில் பை மாட்டும் வழக்கம் இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை, அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றிலும் உண்டு. பயிற்சியில் கேட்டால் தயங்கித் தயங்கிச் சில கைகள் உயரும்.

எதற்கு அஞ்சினார்கள்?

வெளிப்படையான அச்சம் தண்டனை. வயது குறைந்தவர்களுக்கு மது கொடுத்தாயிற்று, ஹேசிங் நடத்தியாயிற்று, ஆம்புலன்ஸ் வந்தால் போலீசும் வரும், கிளையை மூடுவார்கள். பென்சில்வேனியாவில் குடித்தவருக்காக உதவி கேட்டு அழைக்கும் வயது குறைந்த மாணவரை, குடித்த குற்றத்துக்காகத் தண்டிக்காமல் விடும் சட்டம் 2011-லிருந்தே இருந்தது. ஆனால் சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, இரவு பதினோரு மணிக்கு ஒரு பையனின் தலைக்குள் இருப்பது வேறு.

தண்டனையைவிட ஆழமான ஓர் அச்சமும் உண்டென்று நினைக்கிறேன். வீட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர். நூற்றாண்டு கடந்த கிளையைத் தன் பதவிக்காலத்தில் மூடவைத்தவன் என்ற பெயர். சுவரெல்லாம் பழைய தலைவர்களின் படம் மாட்டியிருக்கும் வீட்டில் 20 வயதில் அந்தப் பயம் சாதாரணமானதல்ல. வீட்டைக் காப்பதே தலைவரின் கடமை என்று சொல்லி வளர்த்தவர்கள் முன்னாள் மாணவர்கள். வீடு என்பது அந்தச் சோபாவில் கிடப்பவனும் சேர்ந்ததுதான் என்று சொல்லிவைக்க அவர்களில் எத்தனை பேர் மெனக்கெட்டார்கள்?

வழக்கும் சட்டமும்

பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் அந்தக் கிளையை நிரந்தரமாகத் தடைசெய்தது. மே மாதம் 18 உறுப்பினர்கள்மேலும் கிளைமேலும் நூற்றுக்கணக்கான குற்றச்சாட்டுகள் பதிவாயின. கொல்லும் நோக்கமின்றி மரணம் விளைவித்தது உள்ளிட்ட பெரிய குற்றச்சாட்டுகளை அதே ஆண்டு செப்டம்பரில் நீதிபதி தள்ளுபடி செய்தார். வழக்கு இழுத்தது. அன்றைய தலைவரும் பிளெட்ஜ் மாஸ்டரும் ஹேசிங் குற்றங்களையும் உயிருக்கு ஆபத்து விளைவித்த குற்றத்தையும் ஒப்புக்கொண்டது 2024-ல். அக்டோபரில் இருவருக்கும் இரண்டு முதல் நான்கு மாதச் சிறை, பிறகு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. பெயர்களை எழுதாமல் பதவிகளை மட்டும் எழுதுவது வேண்டுமென்றுதான். தண்டனையின் நீளத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். பயிற்சியில் நான் கவனிக்கச் சொல்வது தண்டிக்கப்பட்ட பதவிகளை. தன் கையால் மது ஊற்றினார்களா என்பதோடு விசாரணை நிற்கவில்லை, அந்த இரவை நடத்தியது யார் என்று கேட்டது.

பியாசாவின் பெற்றோர் ஓயவில்லை. அவர்களின் முயற்சியால் மகன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆளுநர் டாம் வுல்ஃப் 2018 அக்டோபர் 19-ல் கையெழுத்திட்டார். மரணமோ படுகாயமோ விளைவிக்கும் ஹேசிங் அதன்படி ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். கல்லூரிகள் ஹேசிங் சம்பவங்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அடிபட்டவருக்காக உதவி கேட்டு அழைப்பவருக்குப் பாதுகாப்பும் அதில் எழுதப்பட்டது. அந்த முதலாண்டு மாணவரைப் போன்றவர்களை மனத்தில் வைத்து எழுதிய பிரிவாகவே அதை வாசிக்கிறேன்.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, பியாசா இறந்து எட்டு மாதம்கூட ஆகாத நிலையில், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் க்ரூவர் என்ற 18 வயது மாணவர் இதே மாதிரி மதுச் சடங்கில் இறந்தார். சட்டங்களுக்குப் பிறகும், 2021-ல் ஓஹையோவின் பௌலிங் கிரீனில் ஸ்டோன் ஃபோல்ட்ஸ் இறந்தார். பென் ஸ்டேட் செய்தி நாடு முழுக்க வாசிக்கப்பட்ட செய்தி. செய்தி தெரிவதால் மட்டும் ஒரு வீட்டின் இரவு மாறிவிடுவதில்லை.

சங்கங்கள் எடுத்த முடிவுகளில் இரண்டைக் குறிப்பிட வேண்டும். ஃப்ரெடர்னிட்டிகளின் கூட்டமைப்பு 2019 செப்டம்பர் முதல் உறுப்பு வீடுகளில் 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவைத் தடைசெய்தது. அதற்கும் முன்பே, 2014-ல், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற பெரிய சங்கம் பிளெட்ஜ் என்ற படிநிலையையே ஒழித்தது. சேருபவன் சில நாட்களிலேயே முழு உறுப்பினன். முதலாவது நல்லது. இரண்டாவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வோட்காவைத் தடுத்தால் பீர் வரும். "நீ இன்னும் எங்களில் ஒருவனல்ல" என்ற நிலையை எடுத்துவிட்டால், சுவரோடு தள்ளும் கைக்கு நியாயம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. கூட்டாட்சி அளவில் 2024 டிசம்பரில் வந்த சட்டம் எல்லாக் கல்லூரிகளும் ஹேசிங் கணக்கை ஆண்டறிக்கையில் காட்ட வேண்டும் என்கிறது. பெற்றோர் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை இங்கே அனுப்பும் நம் பெற்றோரும்தான்.

ஜனவரி வகுப்பில்

போன ஆண்டு ஒரு தலைவர் என்னிடம் நேராகவே கேட்டார். "யாருக்கும் அனுமதி தேவையில்லை, யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நான் எதற்குத் தலைவர்?" நல்ல பிள்ளை, கோபத்தில் கேட்கவில்லை. பதிலாக அவரிடம் ஒரு வேலை கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், வீட்டிலேயே மிகப் புதியவனின் பெயரைச் சொல்லி, "நீ அழைத்தால், அது தேவையில்லாத அழைப்பாகவே முடிந்தாலும், உன் பக்கம் நான் நிற்பேன்" என்று சொல்ல வேண்டும். அதைத் தலைவர் வாயால் சொன்னால்தான் செல்லும். ஆலோசகர் நான் சொன்னால் சுவரொட்டி மாதிரி பார்த்துவிட்டுப் போவார்கள்.

மற்றவையெல்லாம் சில்லறை ஏற்பாடுகள், ஆனாலும் செய்துவைக்கச் சொல்வேன். விருந்து நாளில் குடிக்காமல் இருக்கும் நிர்வாகிகள் யார் என்று பெயர் எழுதி வைப்பது, நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைத் துணைவிதியிலேயே சேர்ப்பது. குடித்து நிறுத்திய பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும், எனவே "தூங்கினால் சரியாகிவிடும்" என்ற பேச்சே கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைப்பது. தலையில் அடிபட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக ஓர் ஒத்திகை. அவசர உதவிக்கு அழைப்பதுபோல் ஒவ்வொருவரும் எழுந்து பேசிக்காட்ட வேண்டும். நான் எதிர்முனை ஆள். முதல் கேள்வி, "எந்த முகவரி?" என்பதுதான். வீட்டை எல்லோரும் கிரேக்க எழுத்தாலேயே சொல்லிப் பழகியதால் கதவு எண் சிலருக்குச் சட்டென்று வராது. ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டில் இருப்பவர்களே கைபேசியை எடுத்துத் தேடுவார்கள். அறை அமைதியாகிவிடும். பிறகு ஒரு தாளில் எண்ணையும் தெருவையும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வேன், அடித்தளப் படிக்கட்டின் தலைமாட்டில் ஒட்டுவதற்காக. வகுப்பு முடிந்து போகும்போது தாளை மடிக்காமல், கசங்காமல் பிடித்துக்கொண்டு போவார்கள்.